ஹாரி பக் துரையவர்களும் வாலிபர் தேகபலமும்

தமிழ்நாட்டில் உயர்தரப் பாடசாலை உள்ள ஊர் எதுவாயினும் ஆங்கே மாலை வேளையில் ஓர் ஊதலின் ஒலி கேட்கும். அதனை ஊதுபவரைப் பிள்ளைகள் பி.டி. மாஸ்டர் என்பர், முதியோர் இன்றும் டிரில் மாஸ்டர் என்றே வழங்குவர். கணித ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் உள்ள கண்ணியம் அவருக்குக் கிடைப்பதில்லை. பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவருடைய மணிநேரத்தைப் பிற பாடங்கள் கடன் வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுப்பதில்லை. ஆயினும், அத்தொழிலை முறையாகக் கற்று, அதற்கென ஒரு சான்றிதழ் பெற்று, ஏனைய ஆசிரியரோடு ஒப்ப அமரத்தக்க ஒருவர் இந்நாட்டுப் பாடசாலைகளில் உளர் என்பதே ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நேர்ந்த புதுமையாகும். அப்புதுமைக்குக் காரணராயிருந்தோருள் முதலிடம் பெறத்தக்கவர் ஹாரி குரோ பக் துரையவர்கள். அவருடைய சரித்திரத்தை நம் கலாசாலை மாணவர் அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

பக் துரை 1884 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25 ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்தில் லிவர்பூல் என்னும் ஊரில் ஜனித்தார். இங்கிலாந்திலுள்ள பெருந்துறைமுகத்தின் பெயரைத் தாங்கியதாயினும், சஸ்குவஹன்னா ஆற்றங்கரையில் அமைந்த மிகச் சிறிய ஊரே அது. பின்னாளில் அவர் தமது வாழ்நாளின் பெரும்பணியை ஆற்றியதும் ஓர் ஆற்றங்கரையிலேயே என்பதைப் போகிறபோக்கில் குறித்துவிட்டு மேலே செல்வோம். தேகப்பயிற்சிக் கல்வியை அவர் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தாருக்குரிய கலாசாலையிற் பயின்றார்.

ஸ்பிரிங்பீல்டு கலாசாலையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் பக் துரை சென்னைக்குக் கொண்டுவந்த சரக்கு அவ்விடத்தது. ஆங்கு ஆசிரியராயிருந்த லூதர் குலிக் என்பார், உடல், உள்ளம், ஆவி ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் போல்வன என்றும், ஒரு பக்கம் குறைந்தால் உருவமே இல்லையென்றும் போதித்தார். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செந்நிற முக்கோணச் சின்னம் அவர் கருத்தினின்று பிறந்ததே. பனிக்காலத்தில் வெளியே ஆடவியலாது சலித்திருந்த ஒரு வகுப்பினரை அடக்கி ஆளுதற்குப் புதிய விளையாட்டொன்று காணுமாறு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரை அவர் ஏவினார். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாடத்தின் விளிம்பில் ஆணியால் அறைந்து அவற்றுட் பந்தை எறியச் செய்தார். அதுவே கூடைப்பந்து. அக்கலாசாலையிற் பயின்ற வில்லியம் மார்கன் என்பார், கூடைப்பந்தின் ஓட்டம் நடுவயதினருக்கு மிகையாயிருத்தலைக் கண்டு, அருகிலுள்ள ஹோலியோக் நகரில் 1895 ஆம் ஆண்டு வேறொரு விளையாட்டை வகுத்தார். அதுவே இன்று நம் மலையடிவாரத்துக் கிராமங்களில் இரண்டு கழிகளும் ஒரு வலையும் கிடைத்த மாத்திரத்தில் தொடங்கிவிடும் கைப்பந்து. வியாபாரிகளான பெரியோர் மூச்சிரையாமல் ஆடுதற்கு வகுக்கப்பட்டதை நம் வாலிபர் எலும்பு முறியுமாறு ஆடுகின்றனர் என்பது வேறு.

1919 ஆம் ஆண்டில் பக் துரை இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கம் அதற்கு முன்பே, 1890 ஆம் ஆண்டில், டேவிட் மக்கானகி என்னும் அமெரிக்கரால் நிறுவப்பட்டிருந்தது. துரையவர்கள் வந்திறங்கிய காலம் எத்தகையதென்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதல் உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. 1918 ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அங்ஙனம் மாண்டோருள் வாலிபப் பருவத்தினர் மிகுதி. 1911 முதல் 1921 வரையுள்ள பத்தாண்டுகளில் இந்நாட்டில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுட்காலம் 20 ஆண்டுகளை ஒட்டியே இருந்ததென்று கணித்திருக்கின்றனர். காலரா, மலைக்காய்ச்சல், க்ஷயம் ஆகிய இவையே மக்களை வாட்டிய வியாதிகள். உண்ண உணவும் குடிக்கத் தூய நீரும் இல்லாதவர்க்கு விளையாட்டைப் போதிக்க ஓர் அன்னியர் கப்பலேறி வந்ததைக் கண்டு அன்று சிலர் நகைத்திருப்பின், அவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை.

அக்காலத்துப் பாடசாலைகளில் தேகப்பயிற்சி அறவே இல்லாமற் போகவில்லை. டிரில் என்னும் பெயரால் அது நடைபெற்றது. பட்டாளத்தினின்று ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைகளை உயர்த்து, தாழ்த்து, திரும்பு, நில் என்று கட்டளையிடுவார். அவர் குரலில் அதிகாரம் இருந்தது; பிள்ளைகள் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததில்லை. அது முடிந்தவுடன் வகுப்பில் நல்லுடல் படைத்த பதினொருவர் பந்தாட்டத்துக்குப் போவர். ஏனையோர் வீட்டுக்குப் போவர். பாடசாலைக்கு வெளியே, கிராமங்களில், சிலம்பமும் மல்லும் சடுகுடும் வாழ்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குரிய ஆசான்கள் தம் வித்தையில் வல்லுநராயினும் பாடசாலை வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை.

இந்நிலையைக் கண்ட துரையவர்கள், விளையாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்வதால் யாதொரு பயனுமில்லை, முதலில் வேண்டப்படுவது ஆசிரியரே என்று தெளிந்தார். இத்தெளிவே அவருடைய சரித்திரத்தில் யாம் மிகவும் மதிப்பது. ஒருவர் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆடக் கற்பித்தால் அவரோடு அது முடியும். நூறு ஆசிரியரைப் பயிற்றினால் அது நாடெங்கும் பரவும். ஆகவே 1920 ஆம் ஆண்டில், சென்னை நகரில், தேகப்பயிற்சி ஆசிரியரைப் பழக்கும் பாடசாலையொன்றை அவர் தொடங்கினார். ஆரம்பத்தில் சேர்ந்த மாணவர் மிகச் சிலரே. ஆசியாக் கண்டத்தில் இத்தகைய பாடசாலைகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகின்றது. மத்திய அரசாங்கத்தார் குவாலியரில் லட்சுமிபாயின் பெயரால் தேகப்பயிற்சிக் கலாசாலை நிறுவியது 1957 ஆம் ஆண்டில் என்றால், பக் துரை அவர்களைவிட 37 ஆண்டுகள் முந்திக்கொண்டார் என்பது விளங்கும்.

அவருடைய மனைவியாராகிய மேரி அம்மையார் இப்பணியில் அவருக்கு உறுதுணையாக நின்றார். நாளடைவில் பாடசாலை வளர்ந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் விசாலமான நிலத்திற்குக் குடியேறிக் கலாசாலையாயிற்று. ஓடுபாதையும், பந்தாட்ட மைதானங்களும், நிழல் மரங்களும் அமைந்த அவ்விடத்தை நேரிற் கண்டோர் அதனை மறப்பதில்லை. அங்கு மாணவர் ஓடவும் தாண்டவும் மாத்திரம் கற்கவில்லை. உடற்கூறு, உடலின் தொழில், முதலுதவி, சுகாதாரம் முதலியனவும் அவர்க்குப் பாடங்களாயின. மேனாட்டு விளையாட்டுகளோடு தண்டால், பஸ்கி முதலிய நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும் சுதேச விளையாட்டுகளுக்கும் பாடத்திட்டத்தில் இடம் அளிக்கப்பட்டது. தாம் கொண்டுவந்ததே சிறந்ததென்று எண்ணாது, இந்நாட்டிலுள்ளதையும் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மைக்கு அது சான்று. பிற்காலத்தில் பெண்மக்களுக்கும் அக்கலாசாலை திறக்கப்பட்டது.

விளையாட்டு விதிகளை ஒரே நூலாகத் தொகுத்து வெளியிட்டதும் அவர் பணிகளுள் ஒன்று. இஃது எளிய காரியம்போற் றோன்றும். ஆயினும், கோட்டின் நீளமும் வலையின் உயரமும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், இரண்டு பாடசாலைகள் ஆடத் தொடங்கினால் ஆட்டம் முடியுமுன் வழக்கு முற்றிவிடும். நூல் வந்தபின் வழக்கு ஓய்ந்ததென்று கூறமாட்டோம். வழக்கிடுவோர் எடுத்துக் காட்டுதற்கு ஓர் ஆதாரமேனும் கிடைத்தது. சென்னை அரசாங்கத்தாருக்குத் தேகப்பயிற்சி விஷயத்தில் ஆலோசகராகவும் அவர் பணியாற்றினார். பாடசாலைகளில் அதற்குரிய நேரத்தையும் ஆசிரியரையும் ஏற்படுத்த உழைத்தார்.

இனி, அவர் பெயர் நாடெங்கும் பரவுதற்குக் காரணமான சம்பவத்துக்கு வருவோம். 1920 ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஸர் தோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் இந்தியாவினின்று சிலர் சென்றிருந்தனர். அடுத்த பந்தயங்கள் 1924 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற இருந்தன. இம்முறை ஆட்களைக் கண்டபடி பொறுக்காது, மாகாணந்தோறும் பந்தயம் வைத்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டுமென்று டாட்டாவும், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் நேரன் என்பாரும், பக் துரையும் தீர்மானித்தனர். அவ்வாறே 1924 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டில்லியில் அகில இந்தியப் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் வென்றோரினின்று பாரிஸுக்குரியோர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பக் துரை அவர்களைப் பழக்கி, தாமே மேலாளராக உடன் சென்றார். அவர்களுள் ஒருவர், அக்காலச் சென்னை ராஜதானியைச் சார்ந்த மலையாள நாட்டுக் கண்ணனூரிற் பிறந்த ஸி.கே. லட்சுமணன், தடை தாண்டி ஓடும் பந்தயத்தில் பங்கு பெற்ற இவர், வைத்தியக் கல்வியில் தேறி, சுதந்திர இந்தியாவின் சுகாதார இலாகாத் தலைமைப் பதவிவரை உயர்ந்தார். ஓட்டக்காரர் ஒருவர் நாட்டின் தலைமை வைத்திய உத்தியோகஸ்தரானது எமக்கு மிகவும் உவப்பளிக்கும் செய்தி.

பாரிஸில் நம்மவர் ஓட்டத்திலோ தாண்டுதலிலோ பதக்கம் பெறவில்லை. ஆயினும் அம்முயற்சியின் பயனாக 1927 ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது. டாட்டா அதன் தலைவராகவும் நேரன் செயலாளராகவும் அமர்ந்தனர். அதனைத் தோற்றுவித்தோருள் பக் துரையும் ஒருவர்.

இவ்விடத்தில் எம் மனத்திலுள்ள ஓர் ஐயத்தைக் கூறாமல் இருக்க இயலவில்லை. பக் துரை இரண்டு காரியங்களைச் செய்தார். ஒன்று, எல்லாப் பிள்ளைகளும் ஆடவேண்டும், பலவீனரும் பருத்தவரும் கூச்சமுள்ளவரும் விடுபடலாகாது என்னும் கொள்கையுடைய ஆசிரியரை நாடெங்கும் அனுப்பியது. மற்றொன்று, பல்லாயிரவரில் எழுவரையோ எண்மரையோ சலித்தெடுத்துக் கடல் கடந்து அனுப்பும் பந்தய முறையை அமைத்தது. முதலாவது பரத்தலை வேண்டுவது. இரண்டாவது குவிதலை வேண்டுவது. இரண்டும் ஒருவரிடத்தே பகையின்றி இருந்தன. ஆனால் அவருக்குப் பின் இரண்டாவது வளர்ந்தது, முதலாவது மெலிந்தது. இன்று நம் கலாசாலைகளிற் காணப்படுவது என்ன? பதினொருவர் ஆடுகின்றனர், ஆயிரத்து நூற்றுவர் சுற்றிநின்று கூவுகின்றனர். கோப்பை அலமாரிக்கு வருகின்றது. ஆயிரத்து நூற்றுவர் மூச்சிரைக்க மாடிப்படி ஏறுகின்றனர். பழைய டிரில் காலத்து நிலைக்கே வேறு வழியாகத் திரும்பிவிட்டோமோ என்று தோன்றுகின்றது.

மூச்சிரைத்தலைச் சிறிய விஷயமென்று தள்ளுதற்கில்லை. துரையவர்கள் சைதாப்பேட்டையிற் பணியாற்றிய அதே காலத்தில், 1930 ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியாக் காய்ச்சலுற்றோர் இரத்தத்தில் ஒரு புதுப் பொருளைக் கண்டனர். அந்நோயின் கிருமியிலுள்ள ஸி என்னும் பகுதியோடு அது கூடித் திரிந்தது. ஆதலால் அதற்கு ஸி-ரியாக்டிவ் புரதம் என்று பெயராயிற்று. சுருக்கமாக ஸி.ஆர்.பி. என்பர். காயமோ தொற்றோ நேர்ந்தால் ஈரல் அதனை மிகுதியாகச் சுரக்கும். நோய் தீர்ந்தால் அது மறையும். காயம்பட்ட விரல் சிவந்து, வீங்கி, சுட்டு, நோவதை நாம் யாவரும் அறிவோம். வைத்தியர் அதனை அழற்சி என்பர். அஃது உடலைக் காக்கும் போர். போர் முடிந்தால் படை கலையவேண்டும்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றபின், 1990 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், மிக நுண்ணிய அளவையும் கண்டறியும் சோதனைகள் வந்தன. அப்போது ஒரு வியப்பு வெளிப்பட்டது. யாதொரு நோயுமில்லை என்று நடமாடும் மக்களிடத்திலும் அப்புரதம் ஒரே அளவாக இல்லை. சிலரிடம் ஒரு லிட்டர் இரத்தத்தில் 1 மில்லிகிராமுக்குக் குறைவு. சிலரிடம் 3 மில்லிகிராமுக்கு மேல். இத்தகையோருக்குக் காய்ச்சலில்லை, வீக்கமில்லை, நோவில்லை. ஆயினும் உடலெங்கும் ஒரு மெல்லழற்சி நீறுபூத்த நெருப்புப்போல் அணையாதிருக்கின்றது. இவ்வளவு உயர்ந்தோரிடத்தில் பின்னாளில் மாரடைப்பும் நீரிழிவும் மிகுதியாகத் தோன்றுவதைப் பல ஆராய்ச்சிகள் காட்டின. அப்புரதமே நோயை உண்டாக்குவதென்று கூறுவதற்கில்லை. புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல் அஃது ஓர் அடையாளம். அளவு 10 மில்லிகிராமைத் தாண்டினால் மெல்லழற்சியென்று கொள்ளாது, உடலில் வேறு நோயோ தொற்றோ உண்டோவென்று தேடவேண்டும் என்பது வைத்தியர் வழக்கு.

இந்நெருப்புக்கு விறகு யாது? முதன்மையானது வயிற்றினுள்ளே குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு. கொழுப்பு வெறும் சேமிப்பன்று. அளவு மீறினால் அதனுள் வெள்ளணுக்கள் குடியேறி, அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. புகைபிடித்தலும், தூக்கக் குறைவும், பராமரிப்பற்ற பல் ஈறுகளும் அதற்குத் துணை செய்கின்றன. ஆனால் எம்மனோரைச் சார்ந்த செய்தி யாதெனில், இது முதுமையின் நோயன்று. பதினெட்டு முதல் முப்பது வயதுள்ள வாலிபரைச் சோதித்தபோதும், ஓடியாடும் திறன் குறைந்தோரிடத்தில் ஸி.ஆர்.பி. மிகுதியாகவும், திறன் மிக்கோரிடத்தில் குறைவாகவும் இருக்கக் கண்டனர். அதிற் பெரும்பகுதி வயிற்றுக் கொழுப்பின் வேறுபாட்டால் விளங்கும். எவ்வளவு பகுதி தசையின் திறனால் நேரே விளைவது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமனப்படவில்லை.

தசையும் சும்மா இருப்பதன்று என்பது 2000 ஆம் ஆண்டை ஒட்டி வெளிப்பட்டது. டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரத்துப் பெண் வைத்தியரான பெடர்சனும் அவர் கூட்டத்தாரும், உழைக்கும் தசை இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை இரத்தத்தில் விடுவதைக் காட்டினர். நோயாளியிடத்தில் அழற்சியோடு சேர்ந்து காணப்படும் அதே பொருள், ஓடுகின்றவன் தசையினின்று வரும்போது, அழற்சியைத் தணிக்கும் பொருள்களை எழுப்பிவிட்டுச் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகின்றது. ஒருநாள் ஓடினால் ஒருநாளே. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடர்ந்தாலன்றி அடிநிலை தாழ்வதில்லை.

மெலிந்த தேகத்தை நம்பி இருப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் என்பாரும் இலண்டன் நகரத்து டாக்டர் யூட்கின் என்பாரும் 2004 ஆம் ஆண்டில் தம்மிருவர் படத்தையும் லான்ஸெட் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு இருவருக்கும் 22.3, ஓர் இம்மியும் வேற்றுமையில்லை. ஆயினும் உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒருவர் மராத்தான் ஓடுபவர். மற்றவர் செய்யும் தேகப்பயிற்சியோ ஆஸ்பத்திரியில் மின்தூக்கிக் கதவு மூடுமுன் ஓடிப் புகுவதே என்று தம்மைத்தாமே நகையாடியிருக்கின்றனர். தராசு இருவரையும் ஒன்றாகக் காட்டியது, உள்ளிருந்ததோ வேறு. இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய ஆராய்ச்சி கணக்கிட்டது. நாட்டில் வயது வந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லையென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2024 ஆம் ஆண்டில் தெரிவித்தனர். அவர்கள் கூறும் போதிய அளவும் பெரிதன்று. வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடப்பதே.

எம் ஊர்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிலமலை, போடிநாயக்கனூர், தேவாரம் முதலிய ஊர்கள் ஏலமலையின் அடிவாரத்தில் உள்ளன. முன்னோர் மூட்டையோடு மலைப்பாதைகளில் ஏறி இறங்கினர். பின்னர்ச் சாலை வந்தது. போடியினின்று போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டையூசி வளைவுகளில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகின்றது. இப்போது ஏலக்காய் எடுக்கும் தொழிலாளர் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று அந்தியில் திரும்புகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரிவில் குனிந்தும் நிமிர்ந்தும் பகல் முழுதும் உழைக்கும் அவர்களுக்கு நாம் தேகப்பயிற்சி போதிக்க வேண்டியதில்லை. ஓய்வும் நல்லுணவும் வேண்டுமெனில் அது நியாயம். பழைய காலத்துச் சுமை தூக்கினோரைத் தேகபலத்துக்கு உதாரணமாகப் புகழ்வதும் எமக்கு உடன்பாடன்று. அவர்களுள் மலைக்காய்ச்சலால் மடிந்தோர் பலர். மாறியிருப்பவன் அவ்வீடுகளினின்று கலாசாலைக்கு வரும் மாணவன். தாய் மலையேறிச் சம்பாதித்த பணத்தில் அவன் பஸ்ஸில் வந்து, ஐந்து மணி நேரம் பெஞ்சில் அமர்ந்து, பஸ்ஸில் மீண்டு, இரவில் கைப்பேசியோடு படுக்கின்றான். மலை வலிந்து தந்த உழைப்பை அவன் உடல் இழந்தது. அதற்கு ஈடாக மைதானம் தரவேண்டியதை இன்னும் பெறவில்லை. இந்த இடைவெளியில்தான் பக் துரையின் முதற் காரியம் இன்றும் வேண்டப்படுகின்றது.

அவர் இம்மெல்லழற்சியைப் பற்றி யாதும் அறிந்தாரல்லர். அவர் காலத்தில் அதனை அறிந்தோர் எவருமிலர். விளையாட்டு நற்குணத்தையும் நற்குடிமையையும் வளர்க்கும் என்பதே அவர் கூட்டத்தார் முழங்கியது. அக்கூற்று மெய்யோ அன்றோ, அளந்து காட்டுதல் அரிது. அவர் சொன்ன காரணத்தினும் சொல்லாத காரணமே இன்று வலிமை பெற்றிருக்கின்றது. இதனை மெய்ப்பித்தவற்றுள் ஒன்று இலண்டன் பஸ்களில் நடந்த ஆராய்ச்சி. ஜெர்மி மாரிஸ் என்னும் வைத்தியர், இரட்டை மாடிப் பஸ்களில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டரையும் ஒப்பிட்டு, கண்டக்டருக்கு இருதய நோய் குறைவென்று 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவும் துரையவர்கள் மறைந்து பத்தாண்டு கழிந்தபின் வந்ததே.

அவர் மறைந்த 1943 ஆம் ஆண்டிலேயே, போர்க்கால வாலிபரின் திறனை அளத்தற்கு ஹார்வர்டு சர்வகலாசாலையார் ஒரு படிச் சோதனையை வெளியிட்டனர். 20 அங்குல உயரமுள்ள ஒரு பலகையின்மேல் நிமிடத்துக்கு 30 முறையாக 5 நிமிடம் ஏறி இறங்கி, பின் அமர்ந்து நாடித் துடிப்பை எண்ணுவதே அச்சோதனை. துடிப்பு எவ்வளவு விரைவில் அடங்குகின்றதோ அவ்வளவு திறன். இயந்திரம் வேண்டியதில்லை, ஒரு பலகையும் ஒரு கடிகாரமும் போதும். நம் கலாசாலைத் தேகப்பயிற்சி ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைச் செய்து பார்க்கும்படி, அணிகளிற் சேராத மாணவரையே குறிப்பாக அழைக்கின்றோம். இருதய நோயோ இளைப்போ உடையோர் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

பக் துரை தமது தேசத்துக்குத் திரும்பி ஓய்ந்திருக்க எண்ணினாரில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24 ஆம் தேதி, சென்னையிலேயே அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. இந்நாட்டிலிருந்த 24 ஆண்டுகளில் 23 ஆண்டுகள் அந்த ஒரே ஸ்தாபனத்துக்குச் செலவாயின. அவரிடம் பயின்றோர் சென்னை ராஜதானியிலும் பிற மாகாணங்களிலும் பாடசாலைகளிலும் கலாசாலைகளிலும் அமர்ந்து, தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். அவர் தொகுத்த விதிநூலும் அவருக்குப் பின்னர்ப் பல பதிப்புகளாக வெளிவந்தது. அடையாற்றங்கரைக் கலாசாலை 2020 ஆம் ஆண்டில் நூறு ஆண்டுகளை நிறைத்தது. விஷக்காய்ச்சல் ஓய்ந்த மறு ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தவர் தொடங்கிய கலாசாலையின் அந்நூற்றாண்டு வேளையில், வேறொரு பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் மைதானங்கள் பல மாதங்கள் பூட்டப்பட்டிருந்தன.